கூப்பிட்டால் வருகிறவர்

புளியமரம் இருந்தவரைக்கும் எங்கள் ஸ்டாப்புக்குப் புளியமரத்து ஸ்டாப் என்றுதான் பேர், ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று மரத்தை வெட்டிக்கொண்டு போன பிறகும் கொஞ்ச காலம் அதே பேரில்தான் பஸ் நின்றது, இல்லாத நிழலில் நிற்பது போல ஜனங்கள் அதே இடத்தில் ஒட்டி ஒட்டி நின்று வெயிலில் வெந்தார்கள், அப்புறம் ஒரு தை மாதத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் மலைமேல் இருக்கிற மேல்காட்டை வெட்ட விடமாட்டேன் என்று எதிர்த்து நின்று, சங்கிலி போட்டுக் கீழே கொண்டுவரப்பட்டு, கீழேயே செத்துப்போன அந்தத் தலைவரின் பேரை, பந்தல் போட்டு, பேண்டு வாசித்து, ஸ்டாப்புக்கு வைத்தார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லிக் கூவினான். அவர் வந்துவிட்டார்.

நான் அப்போது இட்லித் தட்டைக் கவிழ்த்து ஈரத்துணியை உரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாப்புக்கு எதிரில்தான் என் கடை, கடை என்றால் ஒரு தகரக் கூரையும் இரண்டு பெஞ்சும். ஆவி விலகினபோது பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் நின்றிருந்தார், குட்டையாக, வளைந்த கால்களோடு, ஒரு காது மடல் கிழிந்து, கழுத்தில் கறுப்புக் கயிறு, பாதம் முழுக்கச் செம்மண். தூக்கத்தில் இருந்தவரை உலுக்கி எழுப்பினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு முகம்.

"யாரு கூப்பிட்டது?" என்றார்.

"யாரும் கூப்பிடலீங்க ஐயா, உக்காருங்க" என்றேன்.

உட்காரப் போனார். அதற்குள் பின்னால் வந்த மினி பஸ்காரன் அதே பேரைக் கூவினான், பாதி உட்கார்ந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து அந்தப் பக்கம் நடந்தார். "என்னப்பா, எதுக்குக் கூப்பிட்டே?"

மினி பஸ் கண்டக்டர் பெருமாள்சாமி திருதிருவென்று விழித்தான். "உங்களைக் கூப்பிடலீங். ஸ்டாப்பைக் கூப்பிட்டேன்."

"என் பேரைச் சொன்னியே?"

"அது ஸ்டாப் பேருங். ஏறுறதுன்னா ஏறுங், இல்லீன்னா வழியை விடுங்."

அவர் வழியை விட்டார். அன்று ராத்திரிக் கடைசி பஸ் போகும்வரைக்கும் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருந்தார், ஒவ்வொரு பஸ்ஸிடமும் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் சில நாள் ஊர் பயந்தது. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், வீட்டுக் குழந்தைகளுக்குக் கறுப்புக் கயிறு கட்டினார்கள், டவுனிலிருந்து ஆட்கள் வந்து செல்போனில் படம் எடுத்தார்கள், படத்தில் அவர் நன்றாகவே விழுந்தார். அப்புறம் பயம் போய் மரியாதை வந்தது. டீக்கடை காசிம் பாய் அவருக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரைத் தனியாக ஒதுக்கிவைத்தார், ஆனால் எந்த டீயையும் அவர் முழுதாகக் குடித்ததை நான் பார்க்கவில்லை, பாதி டம்ளரில் ஒரு பஸ் வந்துவிடும். அப்புறம் மரியாதையும் பழகிப்போய், அவர் வந்தால் கூட்டத்தில் சின்னதாக ஓர் இடம் விட்டு நிற்பதோடு சரி என்று ஆனது. "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பஸ் நம்பர் தெரியலை" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டோம்.

என் தம்பி தணிகைவேல் அந்தத் தலைவர் பேரில் இருந்த பேரவைக்குச் செயலாளர். ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற கடை வைத்திருக்கிறான். ஊருக்குள் அந்தப் பேரைப் பாதி இடங்களில் எழுதினதே அவன் மிஷின்தான். செய்தி கேட்டுப் பேரவைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான், அவரைக் கையோடு அழைத்துப்போய் முச்சந்திச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். சிலை குதிரைமேல் உட்கார்ந்திருந்தது, முறுக்கு மீசையும் நீட்டின வாளும் ஆறடி உயரமும்.

"நீங்க குதிரை ஏறுவீங்களா ஐயா?" என்று கேட்டான் தணிகை.

"குதிரை எங்க மலையில ஏறாதே" என்றார் அவர்.

"மீசை?"

"வளரலை."

பேரவைக்காரர்கள் தள்ளிப்போய் நின்று பேசினார்கள். பேசிவிட்டு வந்து தணிகை அவரிடம் ரொம்பப் பணிவாகச் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சிலைக்குப் பக்கத்துல நின்னா ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கும். விழா நடக்கிறப்ப மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க."

அவரும் தள்ளி நின்றுகொண்டார். நிற்காமல் என்ன செய்வார்.

ஸ்டாப்போடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். கல்யாண மண்டபத்துக்கு அந்தப் பேர் வைத்தார்கள், ரைஸ் மில்லுக்கு வைத்தார்கள், பரோட்டாக் கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் புதிதாக வந்த நகருக்கும் வைத்தார்கள், கபடிக் குழுவுக்கு வைத்தார்கள், அவர் எந்தக் காட்டுக்காகச் செத்தாரோ அந்தக் காட்டை அறுக்கிற மரவாடிக்கும் வைத்தார்கள், தீப்பெட்டியில் குதிரையோடு அச்சடித்தார்கள். அவர் எல்லா இடத்துக்கும் போனார். மில்லில் போனை எடுக்கும்போதெல்லாம் பேரைச் சொல்லித்தான் எடுப்பார்கள், அவர் உமி பறக்கிற வாசலில் போய் நிற்பார். கபடி நடந்தால் கூட்டம் முழுக்க அந்தப் பேரைக் கத்தும், அவர் கோட்டுக்கு வெளியே நின்று யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லா முகத்தையும் பார்ப்பார். மரவாடியில் மட்டும் உள்ளே போகமாட்டார், கேட்டுக்கு வெளியே நின்று, அறுக்கிற சத்தம் ஓய்கிறவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊர் அதையும் பயன்படுத்திக்கொண்டது. நின்றுபோன வேனைத் தள்ள ஓர் ஆள் குறைகிறதா, அந்தப் பேரைக் கூப்பிட்டால் வந்துவிடுவார். மூட்டைக்கு ஒரு கை வேண்டுமா, கூப்பிட்டால் வந்துவிடுவார். கூப்பிட்டீர்களே என்று வந்து, சொன்னதைச் செய்துவிட்டு, போகட்டுமா என்று கேட்பார். போ என்று சொல்வதற்குள் வேறு எங்காவது கூப்பிட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்துதான் வந்தார், அதை நான் பார்த்தேன், எதிரில் கடை வைத்திருக்கிறவளுக்குத் தெரியாமல் போகாது. முதலில் குதிகால் வெடித்தது, அப்புறம் குரல் கம்மியது, அப்புறம் அவர் நிழல் சாயம் போன துணி மாதிரி வெளுத்துக்கொண்டே வந்தது.

அவருக்கு வேண்டியதெல்லாம் மேலே போய்ப் படுப்பது. மேல்காட்டில் ஓர் அடுக்குப் பாறை இருக்கிறது, அதன் அடியில்தான் அவருடைய ஜனங்கள் அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள். வருவதுதான் நிமிஷத்தில், திரும்பிப் போவதென்றால் நடந்துதான் போகவேண்டும், அது அவருக்கு அப்படி விதித்திருந்தது. பஸ் போனதும் ஸ்டாப்பை விட்டு நடக்கத் தொடங்குவார், வாய்க்கால் பாலம் வரைக்கும் போவார், பாலத்தில் கால் வைக்கும்போது அடுத்த பஸ் வந்துவிடும், மறுபடி பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருமுறை பஸ் ஸ்டிரைக் நடந்தபோது மலைப்பாதையில் இரண்டாவது வளைவு வரைக்கும் போய்விட்டார், அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டிரைக்கை ஆதரித்துப் பேசினவர் மைக்கில் அந்தப் பேரைச் சொல்லிவிட்டார்.

"ரெண்டாவது வளைவுல தண்ணி இன்னும் விழுது அம்மிணி" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "குடிக்கக் குனிஞ்சேன்."

பேரை நான் இங்கே எழுதவில்லை என்று படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காரணம் இருக்கிறது.

அந்தக் காரணத்தில் பாதியை எனக்குச் சொன்னவள் மாதி. மாதி மேல்காட்டுக்காரி, என் வயதுதான், தேனும் சீமாறும் கொண்டுவந்து என் கடை ஓரத்தில் வைத்து விற்பாள், வாய் ஓயாது. அவள் ஜனங்கள் யாரும் எங்கள் ஸ்டாப்பின் பேரைச் சொல்லி டிக்கெட் வாங்கமாட்டார்கள், அடுத்த ஸ்டாப்பான ரைஸ் மில்லுக்கு வாங்கிக்கொண்டு இங்கே இறங்குவார்கள், கணக்குத் தெரியாத ஜனம் என்று கண்டக்டர்கள் சிரிப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"இப்ப மில்லுக்கும் அதையே வெச்சுட்டீங்க" என்றாள் மாதி ஒருநாள், கூடையை இறக்கிக்கொண்டே. "இனி சீமாத்துக் கட்டோட முந்தின ஸ்டாப்பு செக்போஸ்டுல இறங்கி நடந்துதான் வரணும். நல்லா இருப்பீங்க."

"உங்க ஆளுதானே மாதி, நீயாவது அவர்கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

"என்னன்னு கூப்பிட்டுப் பேசுறது? செத்தவங்க பேரை நாங்க சொல்ல மாட்டோம்க்கா. சொன்னா எந்திரிச்சு வந்துருவாங்க."

"வந்துட்டாரே."

"அதான். பெரிய மனுசன்னா நாங்க இன்னும் கெட்டியா வாயை மூடிக்குவோம், நல்லாத் தூங்கட்டும்னு. எங்க பாட்டன் காலத்துல இருந்து மலையில ஒருத்தரும் சொன்னதில்லை. நீங்க என்னடான்னா கறிக்கடை கண்ட காக்கா மாதிரி விடியறப்பவே ஆரம்பிக்கிறீங்க."

எனக்கு அது புரிந்தது. என் வீட்டுக்காரர் பேரை நான் இதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று போனவர், போன இடத்தில் வேறு குடும்பமாகிவிட்டது, இருந்தும் அந்தப் பேர் என் வாயில் வராது, வந்தால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். அவரும் என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் ஒரு பேர் உண்டு. ஆறாம் வகுப்பில் என் டீச்சர் ஒருத்தர்தான் அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டவர், அப்பா படுத்த படுக்கையாகி நான் பள்ளிக்கூடம் நின்றபிறகு அதற்கும் ஆளில்லை. இட்லிக்காரக்கா என்பார்கள், ஏனுங்கக்கா என்பார்கள், இந்தாம்மா சட்னி என்பார்கள், எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் தணிகைக்குப் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஆண்பிள்ளை. தூக்கிப் பார்த்தேன், கையில் கனமே இல்லை, தூங்கிக்கொண்டே இருந்தது, அப்படி ஒரு தூக்கம், உலகத்தில் எதற்கும் எழுந்திருக்கத் தேவையில்லை என்பது போல.

"அக்கா, பேர் முடிவாயிடுச்சு" என்றான் தணிகை. அந்தப் பேரைச் சொன்னான். அவர் வந்து வாசலில் நின்றார். "உங்களை இல்லீங்க" என்று தணிகை அவருக்குக் கையைக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினான். "நீதான் அத்தை, நீதான் காதுல மூணு தடவை சொல்லணும்."

எனக்குப் பயம் வந்துவிட்டது. வேறு எதற்கும் எனக்குப் பயம் வராது என்று சொல்லமுடியாது, பால் பொங்கினாலும் வரும், பொங்காவிட்டாலும் வரும். அதனால் அன்றைக்கே மாதியைப் பிடித்துக் கேட்டேன்.

மாதி முதன்முதலாகச் சிரிக்காமல் பேசினாள். "பெரியவங்கன்னா, பேருக்கு உடையவரே வாயால குடுத்தாத்தான் அது கை மாறும். பச்சைப் பிள்ளைக்கு அப்படி இல்லைக்கா, முதல்ல காதுல விழுற பேர் யார் சொன்னாலும் ஒட்டிக்கும், அதுக்கு வேற பேர் இல்லையே. ஒட்டிக்கிட்டா அப்புறம் கூப்பிடுறப்ப எல்லாம் அதுதான் திரும்பும்."

"எங்க கூப்பிட்டாலுமா?"

"பஸ்ஸுக்குத் திரும்பும், மில்லுக்குத் திரும்பும், கபடிக்குத் திரும்பும். பால் குடிக்கிற வாயை எடுத்துட்டுத் திரும்பும். உசிரோட இருக்கிறதால எந்திரிச்சு ஓடாது, திரும்பும், அவ்வளவுதான்."

"அவர்?"

"அவரு போயிடுவாரு. அவருக்கு விடுதலைதான்."

"உங்க ஆளுங்க யாராவது வாங்கிக்கிட்டா என்ன மாதி, பெரியவங்களாப் பார்த்து?"

"யாரு வாங்குவா? பழைய பேரைக் கீழ வெச்சுட்டு இதை எடுக்கணும், எடுத்தா நாள் பூரா திரும்பிக்கிட்டே இருக்கணும். எங்களுக்கு வேற வேலை இல்லையா?"

தணிகையிடம் போய்ச் சொன்னேன். அவன் மிஷினில் பிள்ளையின் படத்தைப் பெரிசாக அடித்துக்கொண்டிருந்தான், கீழே அந்தப் பேர், பக்கத்தில் குதிரை.

"அக்கா, நீ எப்பவுமே இப்படித்தான். மழை வந்தாலும் பயம், வராட்டியும் பயம். என் கல்யாணத்துக்குப் பந்தல் சரிஞ்சிரும்னு அழுதவ நீ."

"சரிஞ்சுதா இல்லையா?"

"ஓரமாத்தானே சரிஞ்சுது!" என்றவன் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னான், "இதைக் கேளு. நம்ம அப்பன் பேரைச் சொன்னா இந்த ஊர்ல எவனாவது திரும்பிப் பார்த்திருக்கானா? இந்தப் பேரைச் சொன்னா நாலு பேர் எந்திரிச்சு நிக்கிறாங்க. என் பிள்ளைக்கு அது வேணும். நீ சொல்லாட்டி நானே சொல்லிக்கிறேன்."

பயந்து பயந்தே என் பயத்துக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது, நிஜமாகப் பயப்படவேண்டிய விஷயத்துக்குப் பயந்தபோது எல்லோரும் அதையும் பந்தலோடு சேர்த்துவிட்டார்கள். தணிகையின் மனைவி சுகந்தி மட்டும் சமையல்கட்டில் என் பக்கத்தில் வந்து நின்று, வேறு ஒரு பேரைச் சொன்னாள். டிவியில் கேட்ட பேராம், மாசமாக இருந்தபோதே மனதில் வைத்திருந்தாளாம், அவனிடம் சொன்னால் சிரிப்பான் என்று சொல்லவில்லையாம். என் வாயில் சரியாக நுழையாத பேர். இரண்டு மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது, மாவரைக்கும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில், இரண்டு பஸ்ஸுக்கு நடுவில், அவரிடமே கேட்டேன்.

"நாளைக்குக் குழந்தைக்கு உங்க பேரை வைக்கிறாங்க ஐயா. வெச்சா நீங்க போயிரலாமாமே."

அவர் யோசித்தார். மலைப்பக்கம் பார்த்தார். அன்றைக்கு மேகம் இல்லாததால் அடுக்குப் பாறை இங்கிருந்தே தெரிந்தது.

"போயிரலாம்" என்றார்.

நான் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சின்னதா பிள்ளை?"

"சின்னதுங்க. தூங்கிட்டே இருக்கு."

"அப்ப வேண்டாம் அம்மிணி" என்றார். "என் பேர்ல இன்னொருத்தரை எழுப்ப வேண்டாம். நான் நடந்துக்கறேன்." சொல்லும்போதே பெருமாள்சாமியின் பஸ் வந்துவிட்டது, அவர் எழுந்து அதை நோக்கி நடந்தார், நிழல் என்று ஒன்று அவருக்குப் பின்னால் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இருந்தது, தரையில் டீ சிந்திக் காய்ந்த கறை அளவுக்கு.

மறுநாள் தணிகை வீட்டு வாசலில் பந்தல். பேரவைக்காரர்கள் துண்டோடு வந்திருந்தார்கள், மைக் கட்டியிருந்தார்கள், மைக் பிடித்தவன் சோதித்துப் பார்ப்பதற்கே அந்தப் பேரைத்தான் சொன்னான், அவர் காலையிலிருந்தே அங்கே நிற்க வேண்டியதாயிற்று. அவருக்கு நாற்காலி போட்டார்கள், ஆனால் மைக் அவரை உட்கார விடவில்லை, பாதி உட்காருவதும் எழுவதுமாக இருந்தார், கடைசியில் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மாதி தேன் கொண்டுவந்திருந்தாள், காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பாயில் உட்காரவைத்துப் பிள்ளையை மடியில் போட்டார்கள். வெற்றிலையின் நுனியை மடித்துக் காதுக்கு மறைப்பாகக் கொடுத்தார்கள். மேளம் நின்றது. தணிகை மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டான், நான் காதில் சொல்லி முடித்ததும் ஊருக்குச் சொல்வதற்காக. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, உதடு மட்டும் பால் குடிப்பது போல அசைந்தது.

குனிந்தேன், முடியவில்லை. நிமிர்ந்தேன். அவர் பந்தல்காலைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்று சொன்னேனே என்பது போல.

"ஐயா, கொஞ்சம் கிட்ட வாங்க" என்றேன்.

வந்தார். பேர் சொல்லாமல் கூப்பிட்டு அவர் வந்தது அதுதான் முதல் தடவை, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எனக்குக் குடுத்துருங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"உனக்கு என்னத்துக்கு?"

"எப்படியும் யாராவது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குப் பழக்கந்தான்."

"உன் பேரு?"

"சும்மாதான் கிடக்குதுங்க. யாரும் எடுக்கிறதில்லை."

அவர் கிழிந்த காதைத் தடவிக்கொண்டார். அவருடைய ஜனத்தில் தன் பேரைத் தானே சொல்கிற வழக்கமும் இல்லை என்று மாதி பிறகு சொன்னாள். உயிரோடு இருந்தபோதும் சொல்லாதவர், அத்தனை பேர் வாயிலும் தன் பேரைக் கேட்டு அலைந்தபோதும் ஒருமுறைகூடச் சொல்லாதவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மூன்று தடவை சொன்னார். ஈரமண் வாசனை அடித்தது. பேரவைக்காரர்கள் அவர் அத்தையை ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் நான் வெற்றிலையைப் பிள்ளையின் காதில் வைத்து, சுகந்தி சொன்ன பேரை, மாவரைத்துப் பழகின பேரை, மூன்று தடவை சொல்லிவிட்டேன், மூன்றாவது தடவை கொஞ்சம் குளறியது, பரவாயில்லை.

தணிகை மைக்கில் தலைவரின் பேரை முழங்கினான்.

நான் திரும்பினேன்.

அவர் திரும்பவில்லை. அவர் அப்போது பந்தலைத் தாண்டி வாசல் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார். தணிகை மறுபடி முழங்கினான், கூட்டமும் சேர்ந்து முழங்கியது, ஒவ்வொரு முழக்கத்துக்கும் என் கழுத்து தானாகத் திரும்பியது, அவர் நடையை நிறுத்தவேயில்லை, தெருமுனையில் ஒருமுறை நின்று, யாரோ கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது போல நின்று, யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் மறுபடி நடந்தார். பிள்ளை இத்தனை சத்தத்திலும் எழுந்திருக்கவில்லை. மாதி காதிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "பைத்தியக்காரி" என்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதைப் பெருமாள்சாமி பார்த்திருக்கிறான். மூன்றாவது வளைவுக்கு மேலே, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் அவசரமில்லாமல் ஏறிப்போனதாகக் காய்கறி வேன்காரர் சொன்னார். அதற்குமேல் பார்த்தவர்கள் மேல்காட்டு ஜனங்கள்தான், அவர்கள் சொல்லமாட்டார்கள்.

ஊருக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. வேன் தள்ள ஆளில்லை. காசிம் பாய் அந்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தவர் இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பேரவைக்கு இன்னொரு வகையில் நிம்மதி, சிலைக்குப் போட்டி இல்லை. காதில் நான் சொன்ன பேர் எது என்று தெரிந்ததிலிருந்து தணிகை மட்டும் என்னோடு பேசுவதில்லை, ஃப்ளெக்ஸை மாற்றி அடிக்க வேண்டியதாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்கிறான், ஆனால் ராத்திரி பிள்ளை அழாமல் தூங்குகிறது என்று சுகந்தி சொன்னாள், அவனும் பக்கத்தில் படுத்து அது தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம்.

நான் திரும்புகிறேன். உயிரோடு இருக்கிறவள் என்பதால் எழுந்து ஓடவேண்டியதில்லை, திரும்பினால் போதும். விடியலில் முதல் பஸ்ஸுக்குத் திரும்புகிறேன், மில்லில் போன் அடித்தால் திரும்புகிறேன், மரவாடி லாரிக்குத் திரும்புகிறேன், எங்கோ ஒரு வீட்டில் தீப்பெட்டியைப் பேர் சொல்லி வாங்கி வா என்று சொன்னால் அதற்கும் திரும்புகிறேன், தேர்தல் வந்தால் என்ன செய்வேனோ என்று இப்போதே கவலையாக இருக்கிறது. கழுத்தில் வலி நிரந்தரமாகிவிட்டது. மாதி காட்டிலிருந்து ஏதோ எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிடுகிறாள், தேய்த்துக்கொண்டே திட்டுகிறாள். மேகம் இல்லாத நாளில் அடுக்குப் பாறை தெரியும், அந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் வலிப்பதில்லை.

பேரை ஏன் எழுதவில்லை என்றால், முதலில் அது அவருடையதாக இருந்தது, அவரை எழுப்ப எனக்கு மனமில்லை. இப்போது அது என்னுடையது. என் பேரை நானே சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை, யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், என்ன வேண்டும் என்று கேட்பேன், இதோ, பெருமாள்சாமியின் பஸ் வளைவில் ஹாரன் அடிக்கிறது.